தீவுக்குக் கார் வாங்குமுன் குனிந்து பாருங்கள்

சென்ற மாதம் நயினாதீவில் கடை வைத்திருக்கும் இளம் வியாபாரி ஒருவர் யாழ்ப்பாணத்தில் உள்ள என் கடைக்கு வந்தார். சரக்கு எடுக்க வரவில்லை. ஆலோசனை கேட்க வந்திருந்தார்.

"நானா, ஒரு சின்னக் கார் எடுக்க யோசிக்கிறன். பழசுதான். இரண்டு கார் பார்த்து வைச்சிருக்கிறன். எது நல்லதெண்டு சொல்லுங்கோ" என்றார்.

கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். 26 இலட்சம் என்றார். அது காருக்கென்று சேர்த்த காசா, கடைக்காசா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இரண்டும்தான்" என்றார்.

அந்தப் பதில்தான் இந்த வாரம் இதை எழுத வைத்தது. நம்மில் பெரும்பாலானவர்கள் சிறிய வியாபாரிகள். காருக்கு ஒரு பெட்டி, கடைக்கு ஒரு பெட்டி என்று வைத்திருப்பவர்கள் குறைவு. ஒரு பிழையான கார் வாங்கினால் இழப்பது கார்க்காசு மட்டுமல்ல. நோன்பு காலத்துக்கு எடுக்க வேண்டிய சரக்கும் அதோடு போகிறது. 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறி, புத்தளத்தில் பூச்சியத்திலிருந்து தொடங்கி, மீண்டும் ஊருக்கு வந்து கடை போட்டவர்களுக்கு முதல் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் வாகன வியாபாரி அல்ல. பிஸ்கட், சவர்க்காரம், பிளாஸ்டிக் சாமான்கள் விற்பவன். ஆனால் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு என்று வாரம் தவறாமல் சின்னக் காரில் போய்வருபவன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை விட்டுவிட்டுப் படகு ஏறுபவன். ஒரு காரில் நன்றாக அடிபட்டுப் படித்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பிழையாகப் படித்த பாடம்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த இடைவெளியில், 2022 இல், 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவரை போனது. புதிதாக வாகனம் வராத நாட்டில் பழைய வாகனத்தின் விலை ஏறாமல் என்ன செய்யும்? மூன்று வருடம் ஓடிய காரை வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம்.

அதனால் ஒரு பிழையான எண்ணம் நம் மனதில் பதிந்துவிட்டது. கார் வாங்குவதும் காணி வாங்குவதும் ஒன்றுதான், காசு எங்கேயும் போகாது என்று நினைக்கிறோம். அது தடைக்காலத்துக் கணக்கு. கார் ஓட ஓடத் தேயும் பொருள். அதுவும் தீவில் நிற்கும் கார் ஓடாமலே தேயும். இப்போது கார் வாங்குபவர் ஓடுவதற்காக வாங்க வேண்டும். விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்கக் கூடாது.

முதலில் ஹயர்க் கணக்கு

வந்த தம்பியிடம் நான் காரைப் பற்றிக் கேட்கவில்லை. ஹயருக்கு எவ்வளவு கொடுக்கிறீர் என்று கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல். சரக்கோடு ஒரு நடைக்கு 6,000 ரூபா, மாதத்தில் ஐந்து நடை. ஆக 30,000 ரூபா.

சொந்தக் கார் என்றால் ஒரு நடை போய்வர ஐந்து லீற்றர் பெற்றோல் போதும். ஆனால் பெற்றோல் மட்டும் செலவல்ல. காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை, ஒயில், டயர், பற்றரி, எதிர்பாராத கராஜ் செலவு எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்துப் போட்டால் மிச்சம் பிடிப்பது 15,000 ரூபாவைத் தாண்டாது. இது அவருடைய கணக்கு. உங்கள் கணக்கை நீங்கள் போட்டுப் பாருங்கள்.

இனி அவர் பார்த்து வைத்த இரண்டு கார்கள். ஒன்று இந்தியாவில் செய்த பழைய சுசுகி அல்ற்றோ. 22 இலட்சம் கேட்கிறார்கள். மற்றது டொயோட்டா விட்ஸ். கையில் உள்ள காசோடு இன்னும் 20 இலட்சம் லீசிங் எடுக்க வேண்டும். மாதத் தவணை 48,000 என்று சொன்னார்களாம். அறுபது மாதத்துக்குப் பெருக்கினால் 28 இலட்சத்து 80 ஆயிரம். வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்கள் சொல்வார்கள். நான் வியாபாரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். 100 ரூபாவுக்கு விற்றால் 8 ரூபா மிஞ்சும் கடையில், 48,000 ரூபாவைத் தேட மாதம் 6 இலட்சத்துக்கு மேலதிகமாக விற்க வேண்டும். நயினாதீவில் அந்த 6 இலட்சம் எங்கே இருக்கிறது?

15,000 மிச்சம் பிடிக்க 48,000 தவணை கட்டுவதா? விட்ஸ் நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல கார் வேறு, நமக்குக் கட்டுப்படியான கார் வேறு.

எனக்குப் பாடம் படிப்பித்த கார்

2015 இல் நான் ஒரு சிறிய ஜப்பான் கார் வாங்கினேன். 11 இலட்சம். வெளியில் கண்ணாடி போல மின்னியது. எஞ்சின் தையல் மெசின் போல ஓடியது. மீட்டரில் ஓட்டமும் குறைவு. தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போனேன். அவரும் போனற்றைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எடுங்கள்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அடியில் பார்க்கவில்லை. விற்றவர், "அடிக்கு இப்பதான் அண்டர்சீல் அடிச்சது" என்று தானாகவே சொன்னார். அதை ஒரு நல்ல விஷயமாக எடுத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் போனது. பிஸ்கட் பெட்டிகளோடு வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் போகும் தாம்போதியில் போய்க்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் 'படார்' என்று ஒரு சத்தம். பின்சில்லுக்கு மேலே சொக்அப்சோபர் பொருத்தும் இடத்தில் தகரம் உக்கி, கிழிந்து, தண்டு உள்ளே ஏறிவிட்டது. இருபுறமும் கடல், சோளகக் காற்று, தனியே நான். கடைசியில் ஒரு உழவு இயந்திரம் கட்டி இழுத்து வந்தது.

வேலணையில் ஒரு மெக்கானிக் காரை உயர்த்திக் கறுப்புத் தாரைச் சுரண்டினார். தாரோடு தகரமும் வந்தது. அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. "நானா, எஞ்சினை விடுங்கோ. எஞ்சின் செத்தால் வேறை எஞ்சின் போடலாம். தகரம் செத்தால் கார் செத்துப் போச்சு."

டிங்கரிங் வேலைக்கு 1 இலட்சத்து 70 ஆயிரம் போனது. அதுவும் முழுச் சுகம் தரவில்லை.

உப்புதான் நமது எதிரி

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாகும். பண்ணைப் பாலத்தில் ஏறிய நேரத்திலிருந்து குறிகட்டுவான் வரை நாம் கடலுக்கு நடுவேதான் ஓடுகிறோம். வாடைக் காலத்தில் ஈரம், சோளகத்தில் உப்புத் தூவல். தாம்போதியின் குழிகளில் நிற்கும் தண்ணீரும் மழைத்தண்ணீர் மட்டுமல்ல.

ஆகவே கொழும்பில் இருக்கும் ஒருவர் கார் பார்க்கும் ஒழுங்கில் நாம் பார்க்க முடியாது. அவருக்கு முதலில் எஞ்சின், பிறகு மீட்டர், பிறகு பெயின்ற். நமக்கு முதலில் அடித்தகரம், பிறகு உதிரிப்பாகமும் மெக்கானிக்கும், அதற்குப் பிறகுதான் எஞ்சின். மீட்டர் கடைசி. மீட்டரைத் திருப்புவது பத்து நிமிட வேலை. உக்கிய தகரத்தைத் திருப்ப யாராலும் முடியாது.

குனிந்து பார்ப்பது எப்படி

காரைக் கராஜில் உயர்த்தியோ குழியில் நிறுத்தியோதான் பார்க்க வேண்டும். விற்பவர் அதற்கு மறுத்தால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

ஒரு சிறிய காந்தம் கொண்டு போங்கள். மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளுக்குக் கீழ்ப்பகுதியிலும் சில்லுக்கு மேலுள்ள வளைவுகளிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரம் இல்லை, புட்டிதான் இருக்கிறது. பம்பர் பிளாஸ்டிக், அங்கே வைத்துக் குழம்ப வேண்டாம்.

ஜக் வைக்கும் இடங்களை ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் 'டங்' என்று சொல்லும். உக்கியது 'பொத்' என்று சொல்லும். உள்ளே விரித்த றப்பர் விரிப்பைத் தூக்கி, சாரதியின் காலடியைப் பாருங்கள். பற்றரி வைத்திருக்கும் தட்டு, முன் பின் சொக்அப்சோபர்கள் மேலே பொருந்தும் இடங்கள், பெற்றோல் ராங்கியைத் தாங்கும் பட்டி, பிரேக் ஒயில் போகும் மெல்லிய இரும்புக் குழாய்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அந்தக் குழாய் உக்கி வெடித்தால் பிரேக் பிடிக்காது. இது உயிர் விஷயம்.

அடியில் புதிதாகத் தார் அடித்திருந்தால் மகிழ வேண்டாம். எதை மறைக்க அடித்தார்கள் என்று கேளுங்கள். அடி கொஞ்சம் பழசாக, சேறும் தூசியுமாக இருக்கும் கார் எத்தனையோ மேல். அதில் உள்ளது தெரியும்.

மேலோட்டமான செம்மஞ்சள் துருவுக்குப் பயப்பட வேண்டாம். சுரண்டிப் பூசினால் நிற்கும். தகரம் பொருக்காகக் கழன்று வந்தாலும், விரலால் அழுத்த உள்ளே போனாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

பனி நாடும் வெள்ளமும்

"நான் பார்க்கும் கார் கடலைக் காணாத கார், நேரே ஜப்பானிலிருந்து வந்தது" என்று சிலர் சொல்வார்கள். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ போன்ற பகுதிகளில் பனி கொட்டும். பனி உருக வீதியில் உப்புச் சேர்ந்த பொருட்களைப் போடுகிறார்கள். அங்கே ஓடிய காருக்கும் நம் தாம்போதியில் ஓடிய காருக்கும் அடியில் ஒரே நோய்தான். இறக்குமதியான காருக்கு ஏலத்தாள் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் துரு பற்றிய குறிப்பும் இருக்கும்.

மற்றது வெள்ளத்தில் நின்ற கார். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வெள்ளம் வந்தபோதும் எத்தனை வாகனங்கள் தண்ணீரில் நின்றன என்பதைப் படங்களில் பார்த்தோம். அப்படி நின்ற வாகனங்கள் கழுவிக் காயவைத்து, தெரியாத ஊர்ச் சந்தைக்குத்தான் வரும். சீற் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே இருந்த பகுதியில் சேற்றுக்கோடு இருந்தால் அது வெள்ளத்துக் கார். மேலதிகச் சில்லு வைக்கும் குழியைப் பாருங்கள். கண்ணாடிகளை மூடிவிட்டு ஒரு நிமிடம் உள்ளே இருந்து மணந்து பாருங்கள். புதிய வாசனைத் திரவியம் கூடுதலாக அடித்திருந்தால் அதுவும் ஒரு சாட்சிதான்.

எந்தக் கார்?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு பழைய கதையிலிருந்து பதில் சொல்வேன். 2002 இல் ஏ-9 பாதை திறந்து, பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு ஊர் பார்க்க வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. பல 1950களில் செய்தவை. பெற்றோல் வராத காலத்தில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். உலகத்திலேயே சிறந்த கார்கள் என்பதாலா அவை பிழைத்தன? இல்லை. எந்த மரத்தடிக் கராஜிலும் கழற்றிப் பூட்டலாம். இல்லாத பாகத்தைக் கடைசல் பட்டறையில் செய்யலாம். ஒரு கார் நம்பகமானதா என்பது காரில் மட்டும் இல்லை. அதைத் திருத்தும் கை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது.

அந்த அளவுகோலில் இன்றைய தீவக வியாபாரிக்கு நான் முதலில் சொல்வது மாருதி 800, இந்திய அல்ற்றோ போன்ற சாதாரண கியர்க் கார்களைத்தான். மாருதி 800 இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 ஜனவரி வரை செய்யப்பட்டது. 796 சீசீ, மூன்று சிலிண்டர். அதே எஞ்சின் ஒம்னி வானிலும் இருக்கிறது. முப்பது வருடம் செய்த காருக்குப் பாகம் கிடைக்காமல் போகாது. கிளச் தட்டுப் போனால் வேலணையிலும் மாற்றலாம், ஊர்காவற்றுறையிலும் மாற்றலாம்.

குறையையும் சொல்ல வேண்டும். இவை பாதுகாப்பில் குறைந்த கார்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் என்ற அமைப்பு மோதல் சோதனை செய்தபோது, காற்றுப்பை இல்லாத அல்ற்றோ 800 பூச்சிய நட்சத்திரம்தான் பெற்றது. தீவு வீதியில் 40, 50 வேகத்தில் ஓட இது போதும். ஏ-9 வீதியில் குடும்பத்தோடு இரவில் கொழும்புக்குப் பறப்பதற்கு இந்தக் கார் அல்ல. அதற்கு பஸ்ஸோ ரயிலோ இருக்கிறது.

பாரத்தையும் மறக்கக் கூடாது. நான்கு பேர் ஏறும் பாரம்தான் இந்தக் காரின் பாரம். 50 கிலோ அரிசி மூட்டை ஆறைப் பின்னால் அடுக்கிவிட்டு, கம்பனிக்காரன் நல்ல சொக்அப்சோபர் போடவில்லை என்று குறை சொல்லக் கூடாது. மூட்டை வியாபாரம் செய்பவருக்குக் கார் வேண்டாம், சிறிய லொறியைப் பாருங்கள்.

விட்ஸ், பெரோடுவா விவா, ஜப்பான் அல்ற்றோ, வேகன்ஆர் இவையும் நல்ல சின்னக் கார்கள்தான். விவா டைஹட்சு மிராவை அடிப்படையாகக் கொண்டு மலேசியாவில் செய்தது. வேகன்ஆரும் ஜப்பான் அல்ற்றோவும் 660 சீசீ வகுப்பு, பெற்றோல் சிக்கனம். ஆனால் ஓட்டோ கியர் என்றால் அதற்குரிய ஒயிலை உரிய காலத்தில் மாற்றியிருக்க வேண்டும். கியர்ப்பெட்டி போனால் அந்தச் செலவில் ஒரு கடையின் ஒரு மாதச் சரக்கு போகும். கொம்பியூட்டர் வைத்துப் பார்க்கும் கராஜ் பட்டணத்தில்தான் இருக்கும். கட்டி இழுக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். கொழும்பு நெரிசலில் நின்று நின்று ஓடும்போதுதான் ஹைபிரிட் தன் சிக்கனத்தை நன்றாகக் காட்டும். நம் தாம்போதியில் நெரிசல் ஏது? பழைய ஹைபிரிட் பற்றரியின் ஆயுளை வெளியிலிருந்து கண்ணால் மதிப்பிட முடியாது. உப்புக்காற்றில் மின் இணைப்புகள் அதிகம் உள்ள வாகனத்துக்குத் தொல்லையும் அதிகம்.

ஜப்பான் கார் எடுப்பவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். டகாட்டா என்ற கம்பனி செய்த காற்றுப்பைகள் வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளைச் சிதறி ஆட்களைக் கொன்றதால் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. அந்தக் கம்பனி 2017 இல் வங்குரோத்தானது. விட்ஸ், ஹொண்டா ஃபிட் போன்ற கார்களின் சில வருடத்து வகைகளும் அதில் அடங்கும். வெப்பமும் ஈரப்பதனும் கூடிய இடங்களில்தான் அந்தப் பைகள் கூடுதலாகக் கெடும். நம் ஊர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டுமா? செசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் விசாரித்துவிட்டு எடுங்கள்.

நெடுந்தீவில் உள்ளவர்களுக்கு என் கருத்து வேறு. குமுதினியிலும் வடதாரகையிலும் ஒரு மணித்தியாலம் கடலில் போய்ச் சேரும் ஊர் அது. கார் அக்கரை போவதும் பாடு, பழுதானால் இக்கரை வருவதும் பாடு. அங்கே மோட்டார் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் லாண்ட்மாஸ்டரும் போதும். அந்தக் காசைச் சரக்கில் போடுங்கள்.

அரை மணித்தியாலம் ஓட்டிப் பாருங்கள்

அடித்தகரம் தேறிய பிறகுதான் எஞ்சின். போனவுடன் போனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினைத் தட்டும்போதுதான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஒயில் மூடிக்கு அடியில் பால் போலப் படிந்திருந்தால் ஒயிலோடு தண்ணீர் கலக்கிறது.

ஸ்டேரிங்கை முழுவதும் ஒரு பக்கம் வெட்டி மெதுவாக ஓட்டுங்கள். 'கடக் கடக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் மூட்டு தேய்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். மீட்டரில் 60,000 என்று காட்டி, கால் மிதியின் றப்பர் மொட்டையாக இருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் வருடம் 23 ஆம் வாரம் செய்தது. பூ நிறைய இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான், விலையில் கழியுங்கள்.

இதையெல்லாம் பார்க்க உங்களுடைய மெக்கானிக்கை உங்கள் செலவில் கூட்டிப் போங்கள். தரகர் கூட்டி வரும் மெக்கானிக் தரகருக்குத்தான் வேலை செய்வார். சில ஆயிரம் ரூபாக் கூலியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் 1 இலட்சத்து 70 ஆயிரம் கட்டினேன்.

புத்தகம் சரியா?

பதிவுப் புத்தகத்தில் உள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளவையும் ஒன்றா என்று நீங்களே பாருங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வருமுன் முழுக்காசும் கொடுக்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் எந்த வருடம் வரை எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நிலுவை வாங்குபவர் தலையில் விழும்.

'ஓபன் பேப்பரில்' வாங்கி விற்பது நம்மிடம் ஒரு வழக்கமாகிவிட்டது. நான்கு கை மாறியும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயரே இருக்கும். நாளை ஒரு விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போகும். வாங்குபவர் உடனே பெயர் மாற்ற வேண்டும். விற்பவரும் மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவித்துவிட வேண்டும். இரண்டு பேருக்கும் அதுதான் நிம்மதி.

வாங்கிய பிறகு

நயினாதீவு வியாபாரியின் கார் அதிக நேரம் ஓடுவதில்லை. குறிகட்டுவானில் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். அப்படி நிற்பதுதான் கேடு. இறங்குதுறையில் விடாமல், உள்ளே தெரிந்த ஒருவரின் வளவில் மரத்தடியில் நிறுத்த ஒழுங்கு செய்யுங்கள். மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தாலும் நட்டமில்லை.

அடியைக் கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரால்? இதைப் பலர் யோசிப்பதில்லை. நம் தீவுகளில் பல கிணறுகள் உவர். உவர்த்தண்ணீரால் காரைக் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பது போன்றது. யாழ்ப்பாணத்துக்குச் சரக்கெடுக்கப் போகும்போது சேர்விஸ் ஸ்டேசனில் நல்ல தண்ணீரால் அடியை அடித்துக் கழுவுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, நன்றாகக் காய்ந்த பிறகு, அடிக்கு ஒயில் அல்லது அண்டர்சீல் பூசுங்கள். ஈரத்தின் மேல் பூசினால் துருவை உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் முடியும்.

விற்கும் நாள்

என் காரின் கதையை முடிக்கவில்லை. 2018 இல் அதை விற்க நினைத்தேன். பெயின்ற் அடிக்கும் தம்பி, "நானா, அடிக்கு ஒரு கோட் தார் அடிச்சு விடுவம். 11 இலட்சத்துக்குக் குறையாமல் போகும்" என்றார். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் போயிருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் ஏமாந்தேன், ஆகவே இன்னொருவர் ஏமாறட்டும் என்று மனம் ஒரு நியாயம் சொன்னது. அடுத்த நாள் வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவியையும் சிறு பிள்ளையையும் காரில் ஏற்றிப் பார்த்தார். அந்தப் பிள்ளை இருந்த பின்சீற்றுக்குப் பின்னால்தான் ஒட்டுப் போட்ட தகரம் இருக்கிறது. நான் காரை உயர்த்தச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினேன். அவர் வாங்கவில்லை. பிறகு ஒரு கராஜ்காரர், குறை தெரிந்தே, 8½ இலட்சத்துக்கு எடுத்தார்.

இரண்டரை இலட்சம் நட்டமா? கணக்குப் புத்தகத்தில் நட்டம்தான். ஆனால் பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நமக்கு மார்க்கம் கற்றுத் தந்த முதல் வியாபாரப் பாடம். அது பிஸ்கட் பெட்டிக்கு மட்டும் உரிய பாடமல்ல. நாம் எல்லோரும் ஒரு நாள் வாங்குபவர்கள், ஒரு நாள் விற்பவர்கள். தார் பூசி விற்கும் பழக்கம் இருக்கும் வரை, குனிந்து பார்க்கும் பழக்கமும் நமக்கு வேண்டும்.

அந்த நயினாதீவுத் தம்பி விட்ஸை விட்டுவிட்டார். அல்ற்றோவை உயர்த்திப் பார்த்தாராம். பின்பக்கத் தகரம் பொருக்காக வந்ததாம். அதையும் விட்டுவிட்டார். "இன்னும் ஹயரிலைதான் போறன் நானா" என்று சென்ற வாரம் சொன்னார். அவசரமில்லை தம்பி என்றேன். கார் வாங்காத மாதத்தில் 15,000 ரூபாதான் நட்டம். பிழையான காரை வாங்கிய மாதத்தில் என்ன நட்டம் என்று என்னைக் கேளுங்கள்.